ராத்திரியானா சென்சார் எல்லாம் காணாம போகுது, அவசர உதவி தேவை

மாடிவீடு:
வணக்கம். ஸ்மார்ட் ஹோம் செட்டப் நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. இப்போ ராத்திரியானா கதவு சென்சார், மோஷன் சென்சார் எல்லாம் போயிடுது. காலைல சிலது தானா வருது. சிலது வர்றதே இல்ல, பட்டனை அமுக்கிப் பிடிச்சு மறுபடி சேர்க்க வேண்டியிருக்கு. பேட்டரி புதுசு. ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. மேல் டேங்க் மோட்டாரும் இதை நம்பித்தான் நிக்குது, அதான் அவசரம். என்ன செய்யலாம்?

திருப்புளி:
எந்த ரூட்டர்? வைஃபை ரூட்டரா, ஜிக்பீ (சென்சார் மாதிரி சின்ன சாதனம் பேசற கம்மி பவர் ரேடியோ) சிக்னலை அடுத்ததுக்குக் கடத்தற ரூட்டரா? சென்சார் எந்த வகை? ஹப் (எல்லா சென்சாரும் வந்து பேசற மையம்) என்ன, எதுல செருகியிருக்கு? மொத்தம் எத்தனை சாதனம், அதுல கரண்ட்ல ஓடறது எத்தனை? வீடு எத்தனை மாடி?

ஓம்விதி:
வைஃபைதான், சந்தேகமே வேணாம். பிராட்பேண்ட் ரூட்டர்ல 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் ரெண்டுக்கும் ஒரே பேர் இருக்கும். தனித்தனியா பிரிங்க. 2.4ல சேனல் அகலத்தை ஆட்டோவுல விடாம 20 மெகாஹெர்ட்ஸ்னு வைங்க. பாதுகாப்பு டபிள்யூபிஏ2 மட்டும் போதும், டபிள்யூபிஏ3யும் கலந்து வெச்சா மலிவான சிப் பல தடவை முரண்டு பிடிக்கும்.

பழையசாலிடர்:
அவர் வைஃபைன்னு எங்கய்யா சொன்னார்? "செட்டப்"னு ஒரே வார்த்தை, அதுக்கு மருந்து வேற. இங்க மாசாமாசம் இதே கேள்வி. சேனல் நம்பர், மேப் (எது எதோட பேசுதுங்கற படம்), லாக் இந்த மூணும் இல்லாத பதிவை நான் படிக்கறதே கிடையாது.

கடைசிபெஞ்ச்:
படிக்காமலேயே பதில் போட்டுட்டீங்களே அண்ணே.

மாடிவீடு:
மன்னிக்கணும், ஜிக்பீதான். ஹப்புக்கு யூஎஸ்பி டாங்கிள், மினி பிசியில ஜிக்பீ டூ எம்க்யூடிடிங்கற மென்பொருள். 34 சாதனம் இருக்கும். கரண்ட்ல ஓடற ஸ்மார்ட் பிளக் 4, மத்ததெல்லாம் பேட்டரி. ரெண்டு மாடி. சேனல் எதையும் மாத்தினதில்ல.

திருப்புளி:
மாத்தலைன்னா அது 11ல இருக்கும், அந்த மென்பொருள் வர்றப்பவே அப்படித்தான். 11ங்கறது 2405 மெகாஹெர்ட்ஸ். வைஃபை சேனல் 1, 2412ஐ நடுவா வெச்சு சுமார் 2402லேர்ந்து 2422 வரைக்கும் பரவும். பக்கத்து வீட்டு வைஃபை 1ல இருந்தாலும் உங்க ஜிக்பீ அதுக்குள்ளதான் கிடக்கும். ராத்திரி எல்லாரும் வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்கிற நேரத்துல நெரிசல் கூடும்.

வைஃபை 6 முடியறது 2447 பக்கம், 11 முடியறது 2472 பக்கம். அதனால ஜிக்பீ 15 (2425), 20 (2450), 25 (2475) இந்த மூணுல ஒண்ணு. உங்க வைஃபை 1ல நிக்கறதா இருந்தா 25 எடுங்க. 26 வேணாம், சில சாதனம் அதுல பவரைக் குறைச்சுத்தான் பேசும், சிலது சேரவே சேராது. நம்ம நாட்டுல வைஃபை 13 வரைக்கும் அனுமதி உண்டு, ரூட்டர் ஆட்டோவுல இருந்தா 13க்குப் போய் 25 மேலயே உட்கார்ந்துடும். அதனால வைஃபையையும் 1லயோ 6லயோ பூட்டிடுங்க.

சேனல் மாத்தினா பிளக் பொதுவா தானா பின்னாடி வந்துடும். பேட்டரி சென்சார்ல பாதியை மறுபடி சேர்க்க வேண்டிவரும், ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்கிக்குங்க.

கடைசிபெஞ்ச்:
டாங்கிள் நேரா மினி பிசியில செருகியிருக்கா? பக்கத்து ஓட்டையில எஸ்எஸ்டி இருக்கா? யூஎஸ்பி 3 வேலை செய்யறப்ப 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், 2012லயே இன்டெல் இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. 1 அல்லது 2 மீட்டர் யூஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் வாங்கி டாங்கிளைத் தள்ளி, வைஃபை ரூட்டர்லேர்ந்தும் தள்ளி, அலமாரிக்கு வெளியே நிமிர்த்தி வைங்க. இருக்கறதுலயே மலிவான வைத்தியம், இதை முதல்ல செஞ்சுட்டு மத்ததைப் பாருங்க.

நியூட்ரல்நாயகன்:
நாலு பிளக் ரெண்டு மாடிக்குப் பத்தாது. ஜிக்பீயில பேட்டரி சாதனம் அடுத்ததுக்குக் கடத்தாது. கரண்ட்ல ஓடறதுதான் கடத்தும், அதுலயும் நியூட்ரல் வயர் இல்லாம வேலை செய்யற சுவிட்ச் மாட்யூல் பெரும்பாலும் கடத்தாது. மாட்யூலை சுவர்ல பதிச்ச ஜிஐ பாக்ஸுக்குள்ள அடைச்சா சுத்தியும் பின்னாடியும் தகரம், முன்னாடி பிளாஸ்டிக் பிளேட் வழியாத்தான் சிக்னல் வெளிய வரணும். நடுவுல கம்பி கட்டின தளம் வேற. மாடிப்படிப் பக்கம் ஒரு பிளக் போடுங்க, தளத்தைத் துளைக்காம படிக்கட்டு இடைவெளி வழியா ஏறட்டும்.

பழையசாலிடர்:
எல்லாரும் ரேடியோவையே பிடிச்சுத் தொங்கறீங்க. அவர் எழுதினதைப் படிங்க: ராத்திரி போகுது, காலைல சிலது வருது. நெரிசல்னா விட்டு விட்டு வரும், இப்படி விடியற வரைக்கும் செத்துக் கிடக்காது. மாடிவீடு, ரெண்டு கேள்வி. 'கடைசியா கண்டது' நேரம் என்ன காட்டுது? அந்த நாலு பிளக்கும் எங்கெங்க இருக்கு?

கேட்கறதுக்குக் காரணம் இருக்கு. அந்த மென்பொருள்ல கரண்ட் சாதனம் 10 நிமிஷம் பதில் தரலைன்னா ஆஃப்லைன். பேட்டரி சாதனத்துக்கு 1500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். இன்னைக்கு ராத்திரி சிவப்பா தெரியற சென்சார் நேத்து ராத்திரியே செத்திருக்கும். ஆஃப்லைன்னு காட்டற நேரத்தை நம்பித் தேடினா ஒரு நாள் தள்ளித் தேடுவீங்க.

ஓம்விதி:
இவ்வளவு பாடு எதுக்கு? எல்லாத்தையும் வைஃபைக்கு மாத்துங்க. 34 சாதனம் எந்த ரூட்டருக்கும் தூசு.

நியூட்ரல்நாயகன்:
பேட்டரி கதவு சென்சாரை வைஃபையில போட்டு எத்தனை மாசம் ஓட்டுவீங்க? ஜிக்பீயில ஒரு காசு பேட்டரி ஒரு வருஷத்துக்கு மேல தாங்கும். அப்புறம், எல்லா ரூட்டருக்கும் 34 தூசு இல்ல, மலிவான சிலது 2.4ல 32க்கு மேல சேர்க்காது.

மாடிவீடு:
பிளக்: ஹால் டிவி, ஹீட்டர் (16 ஆம்ப்), மாடி ரூம் ஏசி, கிச்சன். கடைசியா கண்டது எல்லாம் ராத்திரி 10:40, 10:50 அந்த நேரம்.

திருப்புளி:
10:40க்கு டிவியை அணைக்கிறது யாரு? ரிமோட்டா, சுவர் சுவிட்சா?

மாடிவீடு:
அம்மா. சுவர் சுவிட்ச். ஹீட்டர், கிச்சனும் படுக்கப் போறப்ப அணைச்சிடுவாங்க.

பழையசாலிடர்:
கிடைச்சிருச்சு. பிளக்குக்கு முன்னாடி சுவர்ல ஒரு சுவிட்ச் இருக்கு, அதை அணைச்சா பிளக்கோட ரேடியோவும் சேர்ந்து சாகும். அதைத் தாயா நினைச்சுத் தொங்கின சென்சார் எல்லாம் அநாதை. ஒழுங்கான சென்சார் வேற ஒண்ணைத் தேடிப் போகும். சில பழைய மாடல் பழைய தாய்க்கே காத்திருக்கும், காலைல சுவிட்ச் போட்டா திரும்பும். ரொம்ப நேரம் காத்திருந்தா அதுவும் மறந்துடும், அதுதான் நீங்க பட்டன் அமுக்கறது.

கரண்ட் கட் ஆனாலும் இதே கதை. ஹீட்டர், ஏசி லைன் இன்வெர்ட்டர்ல இருக்காது. லைட், ஃபேன் லைன்தான் இருக்கும். உங்க வலை முழுக்க இன்வெர்ட்டருக்கு வெளிய நிக்குது.

செய்ய வேண்டியது: மாடிக்கு ஒண்ணா ரெண்டு ஜிக்பீ ரிப்பீட்டர், யாரும் தொடாத பாயிண்ட்ல, இன்வெர்ட்டர் லைன்ல. ஃபால்ஸ் சீலிங் மேல, லாஃப்ட் மாதிரி இடம். கழட்டி மாட்டற பிளக்கை ரூட்டரா நம்பவே கூடாது. அப்புறம் அடம்பிடிக்கிற சென்சாரைச் சேர்க்கறப்ப 'பர்மிட் ஜாயின்' (புதுசு சேர அனுமதி) எல்லாத்துக்கும் திறக்காம அந்த ரிப்பீட்டருக்கு மட்டும் திறங்க. முதல்ல ரிப்பீட்டர், அப்புறம் சென்சார். அதை இருக்கப்போற இடத்துலயே வெச்சுச் சேருங்க, மேஜைக்குக் கொண்டு வந்து சேர்க்காதீங்க.

நியூட்ரல்நாயகன்:
இன்வெர்ட்டர் லைன்னு சொல்றதுக்கு முன்னாடி அது சைன் வேவா, ஸ்கொயர் வேவான்னு கேளுங்க. மலிவான மாட்யூல்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, கெபாசிட்டர் வழியா வோல்டேஜைக் குறைப்பாங்க. ஸ்கொயர் வேவோட கூரான விளிம்புல அந்த கெபாசிட்டர் கரண்ட்டைக் கூட இழுத்துச் சூடாகும்.

ஓம்விதி:
ஸ்கொயர் வேவ்ல எத்தனையோ வீட்ல நல்லாத்தான் ஓடுது.

நியூட்ரல்நாயகன்:
ஓடும். எஸ்எம்பிஎஸ் (போன் சார்ஜர் மாதிரி பவர் சப்ளை) உள்ள மாட்யூல் அதைக் கண்டுக்காது. கெபாசிட்டர் வகைதான் போகும். கழட்டிப் பார்த்தா பெரிய பெட்டி மாதிரி எக்ஸ்2 கெபாசிட்டர் தெரியும்.

பழையசாலிடர்:
ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை திறங்க.

மாடிவீடு:
டிவி, கிச்சன் சுவிட்ச் மேல டேப் ஒட்டினேன். ராத்திரி ஒண்ணும் போகல. யூஎஸ்பி கேபிளும் ஆர்டர் பண்ணியாச்சு. நன்றி எல்லாருக்கும்.

கடைசிபெஞ்ச்:
டேப் ஒரு வாரம் தாங்கும், ரிப்பீட்டர் வாங்குங்க. மோட்டாரைப் பத்தி யாருமே பேசலையே, அது என்ன பிளக்ல ஓடுது?

திருப்புளி:
அதான் பெரிய விஷயம். 1 எச்பி மோட்டார் 5லேர்ந்து 7 ஆம்ப் இழுக்கும், ஸ்டார்ட் ஆகறப்ப அதுக்குப் பல மடங்கு. 16 ஆம்ப் பிளக்னு எழுதியிருக்கறது ஹீட்டர் மாதிரி சுமைக்கு. மோட்டார்ல ரிலே காண்டாக்ட் ஒட்டிக்கும், ஒட்டினா ஆப்ல ஆஃப்னு காட்டினாலும் தண்ணி ஏறிட்டேதான் இருக்கும். நடுவுல காண்டாக்டர் (மோட்டார் சுமையைத் தாங்கற பெரிய ரிலே) போட்டு, பிளக் அதோட காயிலை மட்டும் இயக்கட்டும். அந்தக் காயில் லைன்லயே டேங்க் மேல் மட்டத்து ஃப்ளோட் சுவிட்சை சீரிஸா கோத்துடுங்க. வலை செத்தாலும் தண்ணி நிறைஞ்சா மோட்டார் நிக்கும். டேங்க் வரைக்கும் 230 வோல்ட் கொண்டு போகாம டிரான்ஸ்ஃபார்மர் வெச்சு 24 வோல்ட் காயில் எடுத்தா நல்லது. அந்த லைன்ல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா துண்டிக்கிற பிரேக்கர்) இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.

கடைசிபெஞ்ச்:
மாடிவீடு, இருக்கீங்களா?