மாஸி 35: சூடானால் ஸ்டார்ட் ஆகாது, பம்பில் ஈரத்துணி போட்டால் ஆகும்

டிராக்டர் மாஸி பெர்குசன் 35. பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது சிஏவி டிபிஏ ரோட்டரி பம்ப். முழுசாகப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலை முடியும் கட்டத்தில் இங்கே சிக்கி நிற்கிறது.

குளிர்ந்த இன்ஜின் செல்ஃப் தொட்டதும் பிடிக்கிறது. புகை இல்லை, இழுவையும் குறையவில்லை. நன்றாகச் சூடேறியபின் நிறுத்தினால் மட்டும் மறுபடி எடுப்பதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. சூட்டில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திச் சுற்றினால் டீசல் பீச்சுவதில்லை, சும்மா கசிகிறது. நின்றிருக்கும் பம்பின் தலைப்பகுதியில் ஈரத்துணி சுற்றியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. (ஓடும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, உள்ளே சுழலும் ரோட்டார் பிடித்துக்கொள்ளும்.)

டேங்க் சல்லடை, ஃபில்டர், டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் எல்லாம் புதுசு. ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று வரிசைப்படி ஏர் எடுத்தாச்சு. நாசில்கள் டெஸ்டரில் சரி. டேப்பெட் கேப் (வால்வு இடைவெளி) சூட்டில் 0.010 அங்குலம். பேட்டரியும் எர்த் ஒயரும் மாற்றியாச்சு. சூட்டிலும் செல்ஃப் வேகமாகவே சுற்றுகிறது. கம்ப்ரஷன் மூன்றிலும் ஒரே அளவு.

பம்பின் ஹைட்ராலிக் ஹெட் (ரோட்டார் சுழலும் உறை), ரோட்டார் தேய்மானம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அது ஜோடியாகத்தான் மாற்ற வேண்டிய, விலை கூடிய பாகம். அதே பம்பின் பின்பக்க மூடிக்குள் இருந்து ரோட்டாருக்கு டீசலைத் தள்ளும் டிரான்ஸ்ஃபர் பம்ப் பிளேடும் லைனரும் தேய்ந்தாலும் சூட்டில் அழுத்தம் விழும்.

டெஸ்ட் பெஞ்ச் (பம்பைக் கழற்றிச் சோதிக்கும் மெஷின்) இல்லாமல், இந்த இரண்டில் எது தேய்ந்திருக்கிறது என்று எப்படிப் பிரித்தறிவது?