ஃபயர்சைன் தியேட்டர் 1998-இல் திரும்பி வந்தது ஏன் எடுபடவில்லை?

பழையதட்டு:

வணக்கம். 90களின் தொடக்கத்தில் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனபோது, என் அறைத்தோழனிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய எல்.பி. தட்டுகள் இருந்தன. அவன் அப்பாவுடையவை. வானொலி நாடகம் போலத் தட்டுகளில் நகைச்சுவை செய்த ஃபயர்சைன் தியேட்டர் என்ற அமெரிக்கக் குழு எனக்கு அறிமுகமானது அந்தப் பெட்டியில்தான். பீட்டர் பெர்க்மன், ஃபில் ஆஸ்டின், டேவிட் ஆஸ்மன், ஃபில் பிராக்டர். நாலே பேர், ஆனால் ஒரு ஊரே பேசுவது போல இருக்கும்.

1970-இல் வந்த 'டோன்ட் க்ரஷ் தட் ட்வார்ஃப்' தட்டை முதலில் கேட்டபோது பாதிக்கு மேல் புரியவில்லை. அவன் பொறுமையாக ஊசியைத் தூக்கிப் பின்னால் வைப்பான், எந்த விளம்பரத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று சொல்வான். அதன் கடைசிக் காட்சி இன்றைக்கும் காதில் இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் ஜார்ஜ் டயர்பைட்டர், ஐஸ்கிரீம் வண்டிச் சத்தம் கேட்டுத் தெருவில் இறங்கி ஓடுகிறார். ஓட ஓடக் குரல் இளசாகிக்கொண்டே போய் சின்னப் பையன் குரலாகிவிடும். சிரிக்க உட்கார்ந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

1998-இல் ரைனோ நிறுவனம் வெளியிட்ட 'கிவ் மீ இம்மார்ட்டாலிட்டி ஆர் கிவ் மீ டெத்' சிடியை ஆசையாக வாங்கினேன். இரண்டு தடவை கேட்டுவிட்டு அலமாரியில் வைத்தவன்தான். போன வாரம் வீடு ஒழிக்கும்போது கையில் கிடைத்தது. கேட்டால், அவ்வளவு நன்றாக இருக்கிறது! அன்றைக்கு ஏன் யாரும் இதைக் கொண்டாடவில்லை? அவர்களுக்கு வயதாகிவிட்டது என்று நாமே முடிவு கட்டிவிட்டோமா?

மாலதி_கே:

வயது ஒரு காரணம்தான் என்று நினைக்கிறேன். அவர்கள் 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸின் கே.பி.எஃப்.கே. வானொலியில் தொடங்கியவர்கள். வியட்நாம் போர், அதிபர் நிக்சன், நள்ளிரவு டிவி, இதெல்லாம் தெரிந்தவர்களுக்கான நகைச்சுவை அது. காலம் போனதும் கேட்கிறவர்களும் கலைந்துவிட்டார்கள்.

இரவுஒலி:

மாலதி, அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறவர்கள் கலையவில்லை. 1993-இல் நாலு பேரும் மறுபடி சேர்ந்து சியாட்டிலில் மேடை ஏறியபோது ரசிகர்கள் தேடி வந்தார்கள். சேர்ந்ததே பெரிய விஷயம். 80களில் ஆஸ்மன் விலகிப்போய், மற்ற மூவர் மட்டும் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த 1993 சுற்றுப்பயணத்தில் அரங்கேறியது பெரும்பாலும் பழைய ஆல்பங்கள்தான். ரசிகர்களுக்கு அந்த வசனங்கள் மனப்பாடம். புதிதாக ஒன்றை எழுதி, அதையும் அதே அளவுக்கு மனப்பாடம் ஆக வைப்பதுதான் கஷ்டம்.

1998-இல் அந்த சிடி வந்த சமயத்தில் நான் ஒரு கல்லூரி வானொலியில் வாரம் ஒரு இரவு தன்னார்வலராக நிகழ்ச்சி நடத்தினேன். அதை எடுத்துக்கொண்டு போனேன். பொறுப்பாளர், "மூன்று நிமிடத் துண்டாக வெட்டிக் கொடு, போடலாம்" என்றார். அன்றைக்கு இரவு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எங்கே வெட்டலாம் என்று தேடினேன். ஒரு நல்ல இடம் கிடைத்தால், அந்தச் சிரிப்புக்கான விதை பத்து நிமிடம் முன்னாலேயே போட்டிருக்கும். பின்னணியில் லேசாகக் கேட்ட ஒரு விளம்பரம் அப்புறம் கதையாகவே வந்து நிற்கும். விடியும்வரை முயன்றும் வெட்ட முடியவில்லை. கடைசியில் அது ஒலிபரப்பாகவே இல்லை. இன்றைக்கும் அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

அந்த ஆல்பத்தின் கதை என்ன? 1999-இன் கடைசி நாள். 'ரேடியோ நவ்' என்று ஒரு நிலையம். கேட்பவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள நிமிடத்துக்கு ஒரு தரம் நிகழ்ச்சி வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தங்களுக்கு நேரப்போவதையே அந்த நாலு பேரும் சொல்லியிருக்கிறார்கள்!

60களின் முடிவில் கொலம்பியா நிறுவனம் அவர்களின் தட்டுகளை வெளியிட்ட காலத்தில், எஃப்.எம். நிலையங்களில் ராத்திரி வேளையில் தட்டின் ஒரு பக்கத்தை முழுசாகப் போடுவார்கள். 1969 ஆல்பத்தில் துப்பறியும் நிக் டேஞ்சர் கதை ஒரு பக்கம் முழுக்க ஓடும். நண்பர்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள், முடிந்ததும் திரும்பப் போடுவார்கள். பழையதட்டு, நீங்கள் அந்த அறையில் செய்ததும் அதுதானே? 1998-இல் நீங்கள் தனியாகக் கேட்டீர்கள். ஊசியைத் தூக்கி வைக்க ஆள் இல்லை.

இன்னொன்று. அந்த ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரை ஆனது, அதனால் யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. வென்றது யார் தெரியுமா? நகைச்சுவையாளர்கள் மெல் புரூக்ஸும் கார்ல் ரைனரும். இவர்களைவிட மூத்தவர்கள்! 60களில் பிரபலமான, '2000 வயது கிழவர்' என்ற தங்கள் பாத்திரத்தையே 1973-க்கு அப்புறம் மறுபடி தட்டில் கொண்டுவந்தார்கள். ஆகவே வயதைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்கிற வடிவம் அது. எந்த இடத்தில் நுழைந்தாலும் சிரிக்கலாம். ஃபயர்சைனை அப்படிப் பாதியில் நுழைந்து கேட்கவே முடியாது.

அப்புறமும் அவர்கள் விடவில்லை. 1999-இலும் 2001-இலும் ரைனோவிலேயே அடுத்த இரண்டு ஆல்பங்கள். 2001-இல் வந்ததில் நிக் டேஞ்சரே திரும்பி வருகிறார். அதுவும் கிராமி பரிந்துரை வரை போய் நின்றது. 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது எதை? நீங்கள் சொன்ன 1970 ஆல்பத்தை. அந்த மரியாதைக்குத் தகுதியானதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அறுபதை ஒட்டிய வயதில் நாலு பேர் மைக் முன்னால் நின்று புதிதாக எழுதியதற்கும் அதில் பாதி கவனமாவது கிடைத்திருக்க வேண்டும்.

பழையதட்டு:

இரவுஒலி, மிக்க நன்றி. நேற்று விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். நடுநடுவே பழைய தட்டுகளின் ஆட்கள் வந்து போகிறார்கள், அதையெல்லாம் 1998-இல் கவனிக்கவே இல்லை. பெர்க்மன் 2012-இல் போய்விட்டார், ஆஸ்டின் 2015-இல். அந்தக் குரல்கள் இவ்வளவு பக்கத்தில் கேட்பது என்னவோ செய்தது.

காலையில் அந்த அறைத்தோழனுக்குப் போன் செய்தேன், பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. அவன் இந்த ஆல்பத்தைக் கேட்டதே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனை வைக்காமல் ஒரே நேரத்தில் போடப் போகிறோம். புரியாத இடத்தில் அவன் நிறுத்தச் சொல்வான், இந்தத் தடவை விளக்கப்போவது நான்.