கொரியா நாவல் வாசிச்சப்ப உங்களுக்கு நடந்த ஒண்ணைச் சொல்லுங்க

மஸ்கெலியா மழை

எல்லாரும் வாசிச்சு முடிச்சிட்டீங்க, அதனால கதைச் சுருக்கம் சொல்லல. பாதாளத்துக்குத் தண்ணி எடுக்கப் போற பகுதி இருக்கே, அங்கதான் நான் சிக்கிக்கிட்டேன். அதுக்குக் காரணம் எங்க அப்பாயி.

சனிக்கிழமை ராத்திரி கரண்ட் இல்ல. அடுப்படியில உட்கார்ந்து போன் வெளிச்சத்துல இங்கிலீஷ்ல வாசிச்சு வாசிச்சு தமிழ்ல சொல்லிக்கிட்டிருந்தேன். அப்பாயி போஞ்சிக்காய்க்கு நார் எடுத்துக்கிட்டே கேட்டுச்சு. நாவல் கொரியாவோட பழைய பாரி கதையத்தான் எடுத்திருக்கு, சாவு வீட்டுச் சடங்குல பாடுற பாட்டு அது. ராசாவுக்கு ஆறும் பொண்ணு. ஏழாவதும் பொண்ணாப் பொறந்ததும் பெட்டியில வச்சு ஆத்துல விட்டுடுறாங்க. பாரின்னா தூக்கிப் போட்டதுன்னு அர்த்தம்னு சொன்னேன். அப்பாயி கை அப்படியே நின்னுச்சு.

அப்பாயி பேரு போதும்பொண்ணு. அஞ்சாவது பொண்ணு. அந்தப் பேரை ஏன் வப்பாங்கன்னு இங்க யாருக்கும் விளக்கத் தேவையில்ல.

அப்புறம் பாதாளத்துத் தண்ணிக்குக் காவல் இருக்கிறவன் பாரிகிட்ட வேலை வாங்குற இடம். மூணு வருசம் விறகு, மூணு வருசம் நெருப்பு, மூணு வருசம் தண்ணி. "ஒம்போது வருசந்தானா? நான் முப்பத்தாறு வருசம் மலை ஏறினேன்டி"ன்னு அப்பாயி சொல்லுச்சு. கோவமா சொல்லல, கணக்குப் பாக்குற மாதிரி சொல்லுச்சு. கடைசியில அந்தப் புள்ள தண்ணியோட திரும்பி வந்து பாடையில கிடந்த அப்பன் ஆத்தாள எழுப்பிடுது. அப்பாயி போன் மேல கைய வச்சு வெளிச்சத்த மறைச்சு, "அதுக்கப்புறமாச்சும் வேற பேரு வச்சாங்களா?"ன்னு கேட்டுச்சு.

வைக்கல. கடைசிப் பக்கம் வரைக்கும் பாரிதான். நான் "இன்னும் வாசிக்கல அப்பாயி"ன்னு பொய் சொல்லிட்டேன். ஒரு வாரமாச்சு, மனசு கேக்கல.

கிம்ஹேயில ஒரு காலம்

தங்கச்சி, உங்க அப்பாயி கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. என் கதை தொக்கேபி பத்தினது, அதாவது கொரியாவோட பூதம்.

பரீட்சை எழுதி கொரியாவுக்கு வேலைக்குப் போய் 4 வருசம் 10 மாசம் கிம்ஹேங்கற ஊர்ல இருந்தேன். பிளாஸ்டிக் அச்சுப் பட்டறை. நாவல்ல தொக்கேபிக்கு ஒத்தக் கொம்பு இருக்குல்ல? அதே மாதிரி ஒரு படத்த அப்போ போன்ல வச்சிருந்தேன். இரவு சாப்பாட்டு நேரம் பக்கத்து மெசின் பெரியவர்கிட்ட காட்டினேன். மனுசன் முகம் மாறிருச்சு. விரல நெத்தியில வச்சு "இல்ல, இல்ல"ன்னு ரெண்டு தரம் சொன்னார். கொம்பு ஜப்பான் பூதத்துக்குத்தானாம். 1910ல இருந்து 1945 வரைக்கும் ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல, பள்ளிக்கூடப் புத்தகப் படத்து வழியா இவங்க பூதத்துக்கும் கொம்பு முளைச்சதுன்னு அங்க பல பேர் சொல்றாங்க. அவங்க தொக்கேபி மல்யுத்தம் பிடிக்கும், பாட்டுக்கு மயங்கும், மெமில்முக் குடுத்தா உயிரை விடும்.

மறுநாள் ஒரு டப்பாவுல அந்த மெமில்முக்கையே கொண்டு வந்து என் முன்னால வச்சார். பக்வீட் மாவுல செய்யிறது. சாம்பல் நிறம், வட்டிலப்பம் மாதிரி ஆடுது, ஆனா இனிப்பு துளிகூட இல்ல. நான் முழுங்குற வரைக்கும் என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார். ஊருக்கு வர்றப்ப அவர்கிட்டச் சொல்லிக்கக்கூட நேரமில்லாமப் போச்சு. நாவல்ல அந்தக் கொம்பு வர்ற இடமெல்லாம் அவர் விரல்தான் ஞாபகம் வருது.

ஹட்டன் தமிழன்

யாரும் முக்கியமானதச் சொல்லல. அப்பா கொரியாவுலயும் அப்பா. அம்மா "ஓம்மா". கிம்ஹே அண்ணன் இருந்த அதே ஊர்லதான் ஹோ ஹ்வாங் ஓக் ராணி சமாதி இருக்கு, கி.பி. 48ல கப்பல்ல போன நம்ம பொண்ணு. ஹோமர் ஹல்பர்ட்ங்கற அமெரிக்கக்காரர் 1905லயே கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டாச்சு. நாவல வாசிச்சு முடிச்ச அன்னிக்கு எங்க மாமாகிட்ட இதச் சொன்னேன், அழுதுட்டார். நம்ம கதைதான் சுத்தி நம்மகிட்டயே வந்திருக்கு.

ஊவாக்காரி

தம்பி, உங்க மாமா அழுதத நான் குறைச்சுச் சொல்லல. ஆனா இத இப்படியே விட முடியாது.

அந்த ராணி கதை சம்குக் யூசாங்கற பழைய கொரியப் புத்தகத்துல இருக்கு. அத இர்யோன்ங்கற பிக்கு தொகுத்தது 13ஆம் நூற்றாண்டுல, நடந்ததாச் சொல்ற காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருசம் கழிச்சு. அதுல ராணியோட ஊர் "அயுத்தா"ன்னுதான் இருக்கு, தமிழ்நாடுன்னு எங்கயும் இல்ல. அது அயோத்திதான்னு சொல்றவங்க 2001ல அங்க நினைவுச் சின்னமே வச்சாச்சு. நீங்க ஒரு பக்கம் இழுக்கிறீங்க, அவங்க ஒரு பக்கம் இழுக்கிறாங்க. ஹல்பர்ட் சொன்னத இன்னிக்கு மொழியியல் ஆளுங்க ஏத்துக்கிறதில்ல. அம்மா, அப்பா எல்லாம் குழந்தை வாய்க்கு முதல்ல வர்ற சத்தம். சிங்களத்துலயும் அம்மாதானே?

பாரி கதை நம்மளத் தொடணும்னா அது நம்ம கதையா இருந்தே ஆகணுமா? மஸ்கெலியாத் தங்கச்சியோட அப்பாயி சொந்தம் கொண்டாடல. வருசத்த எண்ணிப் பாத்தாங்க, அவ்வளவுதான். எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

என் சொந்த அனுபவம் சின்னது. பதுளைக்குப் போற ரயில்ல இத வாசிச்சுக்கிட்டு வந்தேன். எதிர் சீட்ல ஒரு சிங்கள அக்கா, சிரிச்ச முகம், நாவலோட அட்டையக் காட்டி அதே நாவல்னு அவங்க போனத் திருப்பிக் காட்டினாங்க. அவங்க முந்நூறாவது பக்கம், நான் நூத்திப் பத்து. கதையச் சொல்லிடக்கூடாதுன்னு வாயில விரல் வச்சுக்கிட்டே தெமோதரையில இறங்கிப் போயிட்டாங்க.

ரோலர் ரூம்

பழைய விளக்கமாறு, உலக்கையெல்லாம் தொக்கேபியா மாறும்னு வர்ற பகுதிய இரவு ஷிப்டுலதான் வாசிச்சேன். எங்க தேயிலை ஃபேக்டரியில ரோதைமுனி சாமி இருக்கிற மூலைக்குப் பக்கத்துல ஒரு விளக்கமாறு, முக்காவாசி தேஞ்சு போனது. அன்னிக்குத்தான் அதத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுக்கச் சொல்லியிருந்தாங்க. கையில எடுத்தேன். பிடி, கை பட்டுப் பட்டு மழமழன்னு, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எத்தனை பேர் பிடிச்சதோ. எங்க அப்பாவும் அதே ரூம்ல வேலை செஞ்சவர். அது இன்னும் சாமிக்குப் பின்னால சாத்தித்தான் இருக்கு. ஏன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல.

இன்னொண்ணு. நாவல்ல தேயிலை மலை வருதே, அது வெறும் கற்பனை இல்ல. 828ல சீனாவுல இருந்து விதை கொண்டு வந்து ஜிரிசான் மலையில நட்டதா அவங்க பழைய வரலாற்றுல இருக்கு. நம்ம லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் நட்டது 1867. அவங்க கொழுந்த இரும்புச் சட்டியில போட்டுக் கையாலயே வறுத்து உருட்டுறாங்க. அந்தப் பக்கத்த மட்டும் மூணு தரம் வாசிச்சேன்.

பழைய டீச்சர்

எங்க பள்ளிக்கூடத்துல ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, புலி கிழவி வேசம் போட்டு வர்ற பகுதிய வகுப்புல சத்தமா வாசிச்சாள். கதவுக்கு வெளியில இருந்து கை நீளுற இடத்துல நிறுத்திட்டாள். அவங்க லயத்துக் கோடியில முந்தின நாள்தான் சிறுத்தை நாயைத் தூக்கியிருந்தது. மிச்சத்தை நான்தான் வாசிச்சேன்.

புதுசா வாசிக்கிறவங்களுக்குச் சிலது சொல்றேன். பெயர்களை ஒரு கொப்பியில எழுதி வையுங்க. குடும்பப் பெயர்தான் முதல்ல வரும், கிம், பார்க், ஹோ எல்லாம் அப்படித்தான். அதனால ரெண்டு கிம் வந்தா அண்ணன் தம்பின்னு நினைக்காதீங்க, நான் நூறு பக்கம் அப்படித்தான் நினைச்சேன். முடிஞ்சா எழுத்தையும் படியுங்க. செஜோங் அரசர் 1443ல உருவாக்கி 1446ல வெளியிட்டது, இப்ப 24 எழுத்துதான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டமா நிக்கும், நம்ம உயிர்மெய் தெரிஞ்ச பிள்ளைக்கு ரெண்டு நாள் போதும். இங்கிலீஷ் வழியா உச்சரிக்காதீங்க. தமிழ்ல எழுதி வைச்சா இன்னும் கிட்ட வரும், ஆனா அவங்க "ஓ"ங்கற சத்தத்துல ரெண்டு வகை இருக்கு, அதுக்கு நம்மகிட்ட எழுத்தில்ல. ராத்திரி போன்ல ரொம்ப நேரம் வாசிக்காதீங்க, கண்ணு களைச்சுப் போயிரும். பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டும்போது சாவு வர்ற இடத்தைத் தாண்டிப் போகாதீங்க, அவங்க கண்டுபிடிச்சிருவாங்க.

மஸ்கெலியா மழை

டீச்சர் கடைசியாச் சொன்னது என்னைக் குத்திருச்சு. இன்னிக்கு உண்மையச் சொல்லிட்டேன். கடைசி வரைக்கும் அந்தப் பேருதான் அப்பாயி, பாதி ராச்சியம் குடுக்க வந்தப்பவும் வேணாம்னுட்டு, செத்தவங்களுக்கு வழி காட்டப் போயிருச்சுன்னேன்.

அப்பாயிக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. "நீ அன்னிக்கே முழிச்ச முழி"ன்னுச்சு.

சாயங்காலம் பக்கத்துக் காம்பராப் புள்ளைங்களுக்கு அதே கதைய அப்பாயி சொல்றது சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு. பெட்டி, ஆறு, விறகு, நெருப்பு எல்லாம் சரியா வந்துச்சு. வருசம் மட்டும் முப்பத்தாறாயிருச்சு. ஒரு சின்னது "அந்த அக்கா பேரு என்னா?"ன்னு கேட்டுச்சு.

"ராசாத்தி"ன்னு அப்பாயி சொல்லுச்சு.

நான் திருத்தல.