றோட் பைக்கா, ட்ரை பைக்கா? நிலாவெளி றோட்டில் பயிற்சிக்கு எதை வாங்குவது?

உப்புவெளிப் பெடியன்

வணக்கம் அண்ணைமார், அக்காமார். ஒரு மாதமாக மண்டையைக் குடையும் விசயம், சிரிக்காமல் வாசியுங்கள். அடுத்த வருசம் ஒரு அரை அயன்மேன் ட்ரையத்லன் தூரத்தை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன். அதாவது நீச்சல் 1.9 கிலோமீற்றர், சைக்கிள் 90, ஓட்டம் 21.1. நீச்சலில் பயமில்லை, திருகோணமலை உப்புவெளிக் கடலில் வளர்ந்தவன். ஓட்டமும் ஒரு மாதிரிச் சமாளிக்கலாம். சைக்கிள்தான் தலையிடி. இப்போது இருப்பது ஒரு பழைய மௌண்டன் பைக், அதற்கு மெல்லிய ரயர் போட்டு ஓட்டுகிறேன், குச்சவெளி போய்த் திரும்பி வரும்போது சீவன் போய்விடுகிறது.

கொழும்பில் இரண்டு பேர் பாவித்த சைக்கிள் விற்கிறார்கள். ஒன்று அலுமினிய றோட் பைக், அளவு 52. மற்றது ட்ரையத்லனுக்கென்றே செய்த காபன் ட்ரை பைக், அளவு 54, ஆழமான றிம் வீல்களோடு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ட்ரை பைக்காரர் "தம்பி, ட்ரையத்லன் செய்யப் போகிற ஆளுக்கு ட்ரையத்லன் சைக்கிள்தானே வேண்டும்" என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

என் உயரம் 170 சென்ரிமீற்றர். கிழமையில் இரண்டு நாள் விடிய 5 மணிக்குத் தனியாக ஓட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேருடன். அப்புறம், கன நேரம் குனிந்திருந்தால் நாரி கொஞ்சம் நோகும். இரண்டையும் வாங்கக் காசில்லை. எதை எடுக்க?

சங்கிலி எண்ணெய்

முதல் கேள்வி: நீங்கள் போகிற போட்டியில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட விடுவார்களா? அரை அயன்மேனில் விடமாட்டார்கள், முன்னால் போகிற சைக்கிளின் முன் சில்லுக்கும் உங்கள் முன் சில்லுக்கும் இடையில் 12 மீற்றர் விட வேண்டும், காற்றை நீங்களே தனியாக உடைக்க வேண்டும். ட்ரை பைக் அதற்காகவே உருவானது. ஒலிம்பிக்கில் நடப்பது வேறு. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ட்ரையத்லனைச் சேர்த்த நாளிலிருந்து அங்கே ஒட்டி ஓடலாம், ஆனபடியால் அங்கே எல்லோரும் வளைந்த ஹாண்டில் போட்ட றோட் பைக்கில்தான் வருவார்கள். ஆக, ட்ரையத்லன் என்றாலே ட்ரை பைக் என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை.

வித்தியாசம் என்னவென்றால், றோட் பைக்கில் சீற்றைத் தாங்கும் குழாய் ஏறத்தாழ 73 பாகையில் சாய்ந்திருக்கும். ட்ரை பைக்கில் 76 முதல் 80 வரை நிமிர்ந்திருக்கும். அதனால் இடுப்பு பெடலுக்கு மேலே முன்னுக்கு வரும். முழங்கையைக் குஷனில் வைத்து எவ்வளவு பதிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காது. இறங்கி ஓடும்போது கால் பிடிப்பதும் குறைவு என்று பலர் சொல்வார்கள், எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஆனால் நீங்கள் கேட்டது பயிற்சிக்கு. போட்டி ஒரு நாள், பயிற்சி முந்நூறு நாள்.

ஓட்டக்காரி

என்னிடம் ட்ரை பைக் இருக்கிறது. இரண்டு வருசமாக இருக்கிறது. அதில் ஒரு வருசம் சுவரில்தான் சாய்ந்திருந்தது, ஏன் என்று சொல்கிறேன்.

ஏறோ பாரில், அதாவது முழங்கை வைத்துப் படுக்கிற முன் கம்பியில், படுத்திருக்கும்போது கியர் விரலடியில் இருக்கும், பிறேக் இருக்காது. பிறேக் வெளிப்பக்கக் கொம்பில் இருக்கும். நாய் குறுக்கே வந்தால் முதலில் கையைத் தூக்க வேண்டும், கொம்புக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடிக்கலாம். அந்த ஒரு செக்கனுக்குள் நாய் வந்துவிடும். நான் விழுந்தது நாய்க்குக் கூட இல்லை, மாட்டுக்கு. விடிய ஐந்தரைக்கு, சாம்பல்தீவுப் பக்கம், றோட்டின் நடுவில் படுத்திருந்த மாடு அசையவே இல்லை, நான்தான் பற்றைக்குள் போனேன். கோட்டை வாசலடியில் மான் நிற்கும் ஊரில் இருக்கிறோம், அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மான் மாட்டைப் போல இல்லை, எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது.

பிறகு கூட்டத்தோடு ஓட முடியாது. ஞாயிறு போகிறவர்கள் "நீ அந்தக் குஷனில் படுக்கிறதென்றால் எல்லோருக்கும் பின்னால் வா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி. முன் சைக்கிளுக்கு ஒரு முழம் பின்னால் போகும்போது பிறேக்கில் கை இல்லாத ஆளை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

எதிர்க்காற்று

எல்லோரும் தம்பியைப் பயமுறுத்துகிறீர்கள். நான் மாறிச் சொல்கிறேன். 30 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் போனால் நம் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. காற்றோடு மட்டும் கணக்குப் பார்த்தால் வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு பலம் வேண்டும். திருகோணமலையில் மலை எங்கே இருக்கிறது? பெயரில் மட்டும்தான். புல்மோட்டை றோட் சப்பட்டை, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போகிற றோட்டும் சப்பட்டை. ட்ரை பைக்குக்கு இதைவிட நல்ல ஊர் இல்லை. அதோடு, படுத்து ஓட்டுவது ஒரு பழக்கம். பயிற்சியில் செய்யாமல் போட்டியன்று 90 கிலோமீற்றர் படுத்திருக்கலாம் என்று நினைத்தால் 40வது கிலோமீற்றரில் கழுத்து பாடம் சொல்லித் தரும்.

சங்கிலி எண்ணெய்

எதிர்க்காற்று சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்தக் காற்று மோதுவதில் பெரும்பங்கு உடம்பில், சைக்கிளில் இல்லை. படுக்கிற விதம்தான் காசு, சைக்கிள் சட்டம் சில்லறை. 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியின் கடைசி நாளை எடுங்கள், வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர், கிரெக் லெமொண்ட் 50 செக்கன் பின்னால் நின்றவர், மொத்தத்தில் 8 செக்கனால் வென்றார். அன்று அவர் ஹாண்டிலில் பூட்டியிருந்தது ட்ரையத்லன்காரர் அதற்கு முன்பே பாவித்த ஏறோ பார். அதுவரை முன்னணியில் நின்ற லோறன்ட் பின்யோன் அது இல்லாமல் வந்தார். நான் சொல்ல வருவது, அந்தப் பாரைத் தனியாக வாங்கி றோட் பைக்கிலும் பூட்டலாம்.

இன்னொன்று, 52, 54 என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். ட்ரை பைக்கின் 54உம் றோட் பைக்கின் 54உம் ஒன்றல்ல. பெடல்கள் சுழலும் நடு அச்சிலிருந்து சட்டத்தின் முன் குழாயின் மேல் நுனி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால், இந்த இரண்டு அளவையும் கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் மொடல் பெயரையும் வருசத்தையும் கேட்டு நீங்களே தேடிப் பாருங்கள்.

கிண்ணியா நானா

தம்பி, பக்கக் காற்றைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே. நமது பக்கம் கடல் அமைதியாகக் கிடப்பது மே முதல் செப்டெம்பர் வரை, நீச்சல் பயிற்சி அப்போதுதான் செய்வீர்கள். அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். நிலாவெளிக்குப் போகும்போது கச்சான் இடப்பக்கத்திலிருந்து வரும், ஆழமான றிம்மை அது பாயில் அடிப்பது போல அடிக்கும். முன் சில்லு திடீரென்று கடல் பக்கம் இழுக்கும். பாலத்தின் மேல் இன்னும் மோசம், மறைப்பு ஒன்றும் இல்லை. ட்ரை பைக்தான் வாங்குவீர்கள் என்றால் பயிற்சிக்குச் சாதாரண வீல் ஒரு சோடி தேடிக்கொள்ளுங்கள், குறைந்தது முன் வீலாவது.

நாரி நோவு என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. முதலில் ஒரு தரம் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

உப்புவெளிப் பெடியன்

நானா சொன்னபடி செய்தேன். தெரிந்த ஒருவரின் ட்ரை பைக்கை இரவல் வாங்கி நேற்று நிலாவெளி வரை போய் வந்தேன். உண்மையைச் சொன்னால், நேர் றோட்டில் பத்து நிமிடம் பறக்கிற மாதிரி இருந்தது, இதை வாங்காமல் விட்டால் நான் ஒரு மடையன் என்றுகூட நினைத்தேன். அதற்குப் பிறகு எதிரே வந்த பஸ் ஒன்று ஓட்டோவை முந்திக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தது. கையைக் கொம்புக்குக் கொண்டுபோவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டது. திரும்பி வரும்போது மொத்தத் தூரத்தில் கால்வாசிக்குக் கூட நான் படுக்கவில்லை, கொம்பைப் பிடித்தபடியே வந்தேன். அந்த நிலையில் அது என் பழைய சைக்கிளைவிட வசதியாக இருக்கவில்லை.

நாரி நோகவில்லை, அது ஆச்சரியம். கழுத்துத்தான் நோகிறது.

ஓட்டக்காரி

உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். படுக்காமல் ஓட்டுகிற ட்ரை பைக் என்பது மோசமான றோட் பைக். நாரி நோகாததற்குக் காரணம் முன்னுக்கு வந்த இடுப்பு, கழுத்து நோவுக்குக் காரணம் படுத்துக்கொண்டு றோட்டைப் பார்க்கத் தலையை நிமிர்த்தியது. எனக்கும் முதல் மாதம் அப்படித்தான்.

எதிர்க்காற்று

சரி, நான் விட்டுக்கொடுக்கிறேன், பாதி. றோட் பைக்கை எடுங்கள், ஆனால் பாரை வாங்கிச் சும்மா பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

உப்புவெளிப் பெடியன்

மூன்று கிழமை கழித்து வருகிறேன். றோட் பைக்கை எடுத்துவிட்டேன், பஸ்ஸில் கொண்டுவந்த கதை தனிக் கதை. இரண்டாம் கிழமை ஏறோ பார் பூட்டினேன். இப்போது புதுப் பிரச்சினை. சாதாரணமாக ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. பாரில் படுத்தால் உடம்பு இழுபட்ட மாதிரி இருக்கிறது, தோள் நோகிறது, அரை மணித்தியாலத்தில் சீற்றின் முன் நுனிக்கு வந்து குந்திக்கொண்டிருக்கிறேன். சீற்றில் அழுந்துகிற இடம் விறைத்தும் போகிறது. சைக்கிள் அளவு பிழையா?

சங்கிலி எண்ணெய்

அளவு பிழை இல்லை. நீங்கள் நுனிக்கு வந்து குந்துவது உடம்பு கேட்கிற இடம் அதுதான் என்பதால். றோட் பைக்கின் சீற் பின்னால் இருக்கிறது, பாரோ முன்னால் நீண்டிருக்கிறது, நடுவில் நீங்கள் இழுபடுகிறீர்கள். சீற்றை அதற்கு அடியில் உள்ள தண்டவாளக் கம்பிகளில் ஒரு சென்ரிமீற்றர் முன்னுக்குத் தள்ளுங்கள், அந்தக் கம்பிகளில் கோடு போட்டிருப்பார்கள், அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம். முன்னுக்குத் தள்ளினால் பெடல் கிட்ட வந்துவிடும், அதனால் சீற்றைச் சில மில்லிமீற்றர் உயர்த்த வேண்டும். பழைய இடத்தை ரேப் ஒட்டிக் குறித்துவிட்டுச் செய்யுங்கள். நுனியை ஒரு சொட்டுக் கீழே சாய்த்தால் விறைப்பு குறையும், கூடச் சாய்த்தால் வழுக்கி, பாரம் முழுக்கக் கையில் விழும். முழங்கைக் குஷன்களை உங்கள் பக்கம் கொண்டுவர முடிந்தால் கொண்டுவாருங்கள், உயர்த்தும் துண்டு பெட்டிக்குள் இருந்தால் அதையும் போடுங்கள், இப்போதைக்கு மிகவும் பதிந்து படுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் இழுபட்டால் ஹாண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையானதாக மாற்றிப் பாருங்கள்.

ஹாண்டில் காபனா அலுமினியமா? காபன் என்றால் பார் பூட்டலாமா என்று அதைச் செய்தவன் என்ன சொல்லியிருக்கிறான் என்று பார்க்காமல் இறுக்காதீர்கள்.

அதோடு, படுத்து ஓட்டினால் வியர்வை எல்லாம் ஸ்டெம் ஆணிகளிலும் அதற்குக் கீழே உள்ள பெயாரிங்கிலும்தான் சொட்டும். நமக்கு வியர்வையும் உப்பு, காற்றும் உப்பு. ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், மாதம் ஒரு தரம் ஆணியைக் கழற்றிக் கிறீஸ் பூசுங்கள். அலுமினியத்துக்குள் இரும்பாணி இறுகிவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

உப்புவெளிப் பெடியன்

அலுமினியம்தான். சீற்றை ஒரு சென்ரிமீற்றர் தள்ளி, நாலு மில்லிமீற்றர் உயர்த்தினேன். இன்று காலை சாம்பல்தீவு தாண்டிய பிறகு நேர் றோட்டில் 20 நிமிடம் விடாமல் படுத்திருந்தேன், தோள் நோகவில்லை. கழுத்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஊருக்குள் வரும்போது பிறேக்கில் கை வைத்தபடி வந்தேன். ஓட்டக்காரி அக்கா, அந்த மாடு இன்றும் அதே இடத்தில்தான் படுத்திருந்தது.

ஓட்டக்காரி

அது என்னுடைய மாடு இல்லை, ஆனால் ஆளைத் தெரியும். லைற்றைப் போட்டு ஓட்டுங்கள்.