பிக்கப் கிளட்ச்: காலையில் கியர் விழமாட்டேன் என்கிறது, மேட்டில் வழுக்குகிறது

வணக்கம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றும் பழைய டீசல் பிக்கப், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும்) கிளட்ச், 1,40,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெடல் பாதி தூரம் சும்மா இறங்குகிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்துகிறது, நாலைந்து முறை மிதித்து பம்ப் பண்ணினால் சத்தமில்லாமல் விழுகிறது. கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயிலும் வாராவாரம் குறைகிறது. நேற்று அடியில் படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் (கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளுவது) ரப்பர் உறையை விலக்கினேன், உள்ளிருந்து கறுப்பாக வழிந்து முழங்கை வரை நனைத்துவிட்டது. பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் பக்கம் காய்ந்துதான் இருக்கிறது. சரி, ஸ்லேவை மாற்றி, பைப்பில் புகுந்த ஏரை எடுத்தால் இது தீரும்.

குழப்பம் அடுத்ததில்தான். லோடோடு மேடு ஏறினால் நாலாவது கியரில் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை, தீய்ந்த வாடை வேறு. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டுப் பார்த்தேன், உடனே அணைய வேண்டிய இன்ஜின் இரண்டு மூன்று நொடி இழுத்துவிட்டு அப்புறம்தான் நின்றது. ஸ்லேவ் ஒழுகினால் கிளட்ச் முழுசாக விடுபடாது, ஆனால் வழுக்காதே? அப்போ கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டதா, இல்லை இன்ஜின் ஆயிலைத் தடுக்கும் கிராங்க் பின்பக்க சீல் கசிந்து பிளேட் எண்ணெயில் ஊறிவிட்டதா?

மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றச் சொல்கிறார். இறக்கும் முன்பே சீல் கசிவைக் கண்டுபிடிக்க வழி உண்டா? ஃப்ளைவீலை (பிளேட் அழுந்தும் இன்ஜின் சக்கரம்) லேத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், வண்டி நின்றால் வருமானமும் நிற்கிறது.