குழுக் கடனில் மாடு வாங்கினால் எங்கள் தெரு முன்னேறுமா?

வந்தவாசிப் பெண்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவள். எங்கள் காலனியில் நாற்பது வீடுகளுக்குச் சற்று மேல் இருக்கின்றன. பெரும்பாலும் கூலி வேலையும் நூறு நாள் வேலையும்தான் பிழைப்பு. ஐந்தாறு வீடுகளில் இன்னும் கோரைப் பாய் நெய்கிறார்கள். நிலம் உள்ள குடும்பம் ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் எங்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவர் கையிலும் கடன் அட்டையும், அதற்குள் மடித்து வைத்த நோட்டுகளும் இருக்கும். ஒருத்திக்கு இருநூறு ரூபாய் குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்பும் வரை யாரும் எழுந்து போக முடியாது. ஒரு முறை என் அம்மா காதில் இருந்த கம்மலைக் கழற்றி அடகுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அந்தப் பணம் வரும் வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். மூன்று இடங்களில் கடன் இருக்கிறது. வாரத்துக்கு மொத்தம் 1,850 ரூபாய் கட்டுகிறோம். அப்பா, அம்மா இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் சுமார் 14,000 ரூபாய்தான். முதல் கடனில் வாங்கிய மாட்டைப் பதினான்காம் மாதம் விற்றுவிட்டோம். இரண்டாவது கடன் தம்பியின் பாலிடெக்னிக் கட்டணத்துக்குப் போனது. மூன்றாவது, முதல் இரண்டுக்கும் தவணை கட்டுவதற்காக வாங்கியது.

இப்போது அம்மாவின் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து வங்கியில் கடன் கேட்டு மறுபடியும் மாடு வாங்கலாம் என்கிறார்கள். பட்டம் படித்தவள் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக எங்கள் தெருவுக்குக் கடன் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒரு வீடுகூட அதனால் நிமிர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கே தவறுகிறோம்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

சகோதரி, நீங்கள் 'குழு' என்று ஒரே சொல்லில் குறிப்பிடுபவை இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழு, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சியின் வழி வந்தது. உறுப்பினர்கள் முதலில் தாங்களே சேமித்து, தங்களுக்குள் உள்கடன் கொடுத்துத் திருப்பி வாங்கிப் பழகிய பிறகுதான் வங்கியை அணுகுகிறார்கள். அத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-இல் 500 குழுக்களை இலக்காக வைத்துத் தொடங்கியது. திண்ணையில் செவ்வாய்க்கிழமை கூடுவது அதுவன்று. அது நுண்கடன் நிறுவனம் கூட்டுப் பொறுப்பில் கொடுக்கும் கடன். அங்கே சேமிப்பு கிடையாது, வசூல் மட்டுமே உண்டு.

சுய உதவிக் குழுவுக்குத் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 3 லட்சம் ரூபாய் வரை 7 விழுக்காடு வட்டியில் கடன் கிடைக்கும். 10 லட்சம் வரை வங்கி பிணை கேட்கக் கூடாது. நுண்கடனில் வட்டி பொதுவாக 20 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது.

உங்கள் வீட்டுக் கணக்கைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. வாரம் 1,850 என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதியின்படி, ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 14,000 ரூபாய் வருமானத்துக்கு வரம்பு 7,000. உங்கள் வருமானத்தைச் சரியாகக் குறித்திருந்தால், அந்த மூன்றாவது கடனைக் கொடுக்கவே கூடாது. பல இடங்களில் விண்ணப்பத்தில் வருமானத்தைக் கூட்டி எழுதித்தான் இது நடக்கிறது. உங்கள் கடன் அட்டைகளையும் விண்ணப்ப நகல்களையும் எடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மீறல் இருந்தால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடமும், முப்பது நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் எழுத்து மூலம் முறையிடலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூல் முகவர் தொடர்புகொள்ளக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது. எட்டு மணிக்கே பெண்களைக் கூட்டி வைப்பது எந்த வகையிலும் சரியில்லை.

உங்கள் ஊரில் நடந்தது விதிவிலக்கு அன்று. ஹைதராபாத்தில் 104 பகுதிகளில் நுண்கடனின் விளைவை ஆராய்ந்து 2015-இல் ஆய்வு ஒன்று வெளியானது. ஏற்கெனவே தொழில் வைத்திருந்த சிலர் அதைப் பெருக்கியிருந்தார்கள். மற்றபடி சராசரிக் குடும்பத்தின் நுகர்விலோ பிள்ளைகளின் படிப்பிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. கடன் மட்டும் ஓர் ஏழைக் குடும்பத்தை மேலே தூக்கிவிடும் என்ற நம்பிக்கையோடுதான் நானும் பல ஆண்டுகள் கையெழுத்துப் போட்டேன். இன்று அப்படி நினைக்கவில்லை.

பால் சங்கச் செயலர்:

ஐயா சொன்ன வட்டிக் கணக்கு சரிதான். ஆனால், அந்த மாடு ஏன் பதினான்காம் மாதம் விலை போனது என்பதை வட்டியை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. இருபது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் பால் அளந்து வாங்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

50,000 ரூபாய்க்கு ஒரு கலப்பின ஜெர்சி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நாளுக்கு 7 லிட்டர் என்றால், லிட்டர் 35 ரூபாய் வீதம் 245 ரூபாய் வரும். சொந்த நிலம் இல்லாதவர்கள் புண்ணாக்கு, தவிடு, வைக்கோல் மட்டுமன்றிப் பசும்புல்லைக்கூட விலைக்கு வாங்க வேண்டும். அதற்கு 130 ரூபாயாவது ஆகும். மீதி 115 ரூபாய், அதாவது வாரத்துக்குச் சுமார் 800. இதே 50,000 ரூபாயை 24 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுத் தவணைக்கு வாங்கினால் வாரம் ஏறத்தாழ 610 ரூபாய் கட்ட வேண்டும். கட்டிவிடலாம் போலத்தான் தெரியும். பத்து மாதம் வரை கட்டியும் விடுவார்கள்.

அதன் பிறகு பால் வற்றும். சரியான காலத்தில் சினை பிடித்திருந்தால் அடுத்த கன்று வரை இரண்டு மாதம். சினை தள்ளிப்போயிருந்தால் நான்கு, ஐந்து மாதம்கூட ஆகும். அந்த நாட்களில் மாடு ஒரு சொட்டுப் பால் தராது, ஆனால் தின்னும்; செவ்வாய்க்கிழமையோ தவறாமல் வரும். எங்கள் சங்கத்தில் பால் ஊற்றுவதை நிறுத்தியவர்களின் பெயர்களை நோட்டில் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலோர் இந்த வற்றுக்காலத்தில்தான் மாட்டை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சினை மாட்டை விற்றுத் தவணை கட்டுவது விதைநெல்லைப் பொங்கித் தின்பதற்குச் சமம் என்று அவர்களுக்கும் தெரியும். வேறு வழி இருந்திருக்காது.

எனவே, வங்கிக்குப் போகும்போது வட்டியை மட்டும் பேசாதீர்கள்; காலத்தைப் பேசுங்கள். அதே 50,000 ரூபாயை 24 விழுக்காட்டில் இரண்டு ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 2,640 ரூபாய். 7 விழுக்காட்டில் அதே இரண்டு ஆண்டு என்றால் 2,240. மூன்று ஆண்டாக நீட்டினால் 1,545 ஆகிவிடும். வட்டி குறைந்ததால் மிச்சமாவது 400 ரூபாய். அதற்கு மேல் ஓர் ஆண்டு கூடியதால் மிச்சமாவது 700 ரூபாய். குழுவின் தீர்மானத்திலேயே வற்றுக்காலத்துக்குத் தவணைச் சலுகை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வங்கி ஒப்புக்கொள்ளாவிட்டால், குழுவின் சேமிப்பிலிருந்து அந்த இரண்டு மாதத்துக்கு உள்கடன் என்று உங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பன்னிரண்டு பேரும் ஒரே மாதத்தில் வாங்கக் கூடாது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தொகுதியாக வாங்கினால், ஒருவர் மாடு வற்றும்போது இன்னொருவர் வீட்டில் பால் இருக்கும். உள்கடனுக்கும் பணம் இருக்கும்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

செயலர் சொல்வதற்கு ஆதாரமும் உண்டு. கொல்கத்தாவில் நுண்கடன் பெற்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். அவர்கள் தொழிலில் கூடுதலாக முதலீடு செய்தார்கள்; மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களின் லாபமும் கூடுதலாக இருந்தது. அதே வேளையில் கடனைக் கட்டத் தவறியவர்களும் அவர்களிடையே அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. வங்கிகள் தயங்குவது அதனால்தான். தீவனச் செலவுக்குத் தனியாக, உழவர் கடன் அட்டையான கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். 2018-19 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு அது கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு.

செய்யாறு கம்பெனிப் பெண்:

அக்கா, நானும் உங்கள் பக்கம்தான். ஐந்து ஆண்டுகளாகச் செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் ஊர் ஆலமரத்தடியில் நிற்கும். எங்கள் வீட்டில் கடன் அடைந்தது மாட்டினால் அன்று. மாதம் ஒரே தேதியில் வங்கிக் கணக்கில் விழுந்த சம்பளத்தால்தான். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. இருந்ததால் அம்மாவின் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் பெரிய கடன்கள் எல்லாம் தொழிலுக்காக வந்தவை அல்ல, ஆஸ்பத்திரிக்காக வந்தவை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆனாலும் இதை எல்லோருக்கும் வழி என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நின்று முதுகு போய்விடுகிறது. கைக்குழந்தை உள்ளவர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நாற்பது வயதான நம் அம்மாக்களை அங்கே யாரும் எடுப்பதில்லை. அதனால் வீட்டில் ஒருவருக்கு மாதச் சம்பளம் வருகிற குடும்பங்களை முதல் தொகுதியில் மாடு வாங்கச் சொல்லுங்கள் என்பது என் கருத்து. வற்றுக்காலத்தைத் தாங்க அவர்களால்தான் முடியும்.

வந்தவாசிப் பெண்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு இதை அப்படியே குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கடன் அட்டைகளைத் தேடி எடுத்தபோது, எங்கள் வீட்டின் மாத வருமானம் 22,000 என்று எழுதியிருப்பதைக் கண்டோம். அம்மாவிடம் யாரும் கேட்கவே இல்லை. புகார் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தங்கையின் யோசனையில் மட்டும் ஒரு தயக்கம். சம்பளம் வருகிற வீடு எங்கள் குழுவில் நான்குதான். அவர்களுக்கே முதலில் என்றால், கணவனை இழந்து தனியாக இருக்கும் இரண்டு அக்காக்கள் பின்னால் போய்விடுவார்கள் என்று அம்மா எழுந்து பேசினார். அதனால் முதல் தொகுதியில் ஆறு மாடு: சம்பள வீடுகள் நான்கு, அந்த இரண்டு அக்காக்கள். அவர்கள் இருவருக்கும் வற்றுக்கால உள்கடனை வட்டியில்லாமல் கொடுப்பது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டோம். மாட்டுக் காப்பீட்டை வாங்கும்போதே செய்துகொள்ள முடியுமா என்று செயலர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

பால் சங்கச் செயலர்:

செய்துகொள்ள வேண்டும், சகோதரி. கால்நடை மருத்துவர் மாட்டைப் பார்த்துச் சான்று கொடுத்து, காதில் வில்லை போட்ட பிறகுதான் காப்பீடு செல்லும். வில்லை கழன்று விழுந்தால் உடனே தெரிவித்து மறுவில்லை போட வேண்டும். வில்லை இல்லாமல் மாடு இறந்துபோனால் பணம் கிடைப்பது கடினம். சந்தையில் பேரம் முடிப்பதற்கு முன் மருத்துவரை ஒரு முறை அழைத்துக் காட்டிவிடுங்கள். இரண்டு வேளைக் கறவையையும் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.