“சேர், இது புள்ளிக்கா?” – விரிவுரையாளர்களின் வகுப்பறை அனுபவங்கள்

கணக்கியல், பம்பலப்பிட்டி:
எங்கள் டிப்ளோமாவில் தொடர் கணிப்பீட்டுக்கு 40, இறுதிப் பரீட்சைக்கு 60. அந்த 40ஐப் பாடக் கையேட்டில் ஃபோமேட்டிவ் (படிக்கிறபோதே குறையைக் கண்டு திருத்த உதவும் கணிப்பீடு) என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் புள்ளி சேருகிற எதுவும் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான். உயர்தரத்துக்கு டியூஷன், பாஸ்ட் பேப்பர் என்று ஓடி வந்தவர்கள் வேறெப்படிப் பார்ப்பார்கள்? எதைக் கொடுத்தாலும் முதலில் கேட்பது தலைப்பில் உள்ள கேள்விதான்.

அதனால் விரிவுரை முடிகிற நேரத்தில் ஒரு துண்டுத் தாள் கொடுக்கிறேன். பெயர் உண்டு, புள்ளி கிடையாது. வங்கிக் கணக்கிணக்கக் கூற்று (நாங்கள் வரவு செலவைப் பதிகிற காசேட்டின் மீதியும் வங்கி காட்டுகிற மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவது) படிப்பித்த வாரம் கேட்டது இது: நாங்கள் எழுதிக் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை. காசேட்டைத் திருத்த வேண்டுமா? ஏன்? காரணத்தைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதிலும் எழுதலாம் என்றேன்.

மொழியை அவர்களிடம் விட்டதில்தான் விடயம் வெளியே வந்தது. ஹட்டன், மட்டக்களப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ் மொழிமூலம் படித்து வந்த பலர் சரியாகவே எழுதியிருந்தார்கள். காசோலை எழுதிய அன்றே காசேட்டில் பதிந்தாயிற்று, வங்கிக்குத்தான் இன்னும் தெரியாது, ஆகவே வங்கிக் கூற்று மீதியில் கழிக்க வேண்டும் என்று. இதே பிள்ளைகள்தான் ஆங்கில வினாத்தாளில் இதைக் கோட்டை விட்டவர்கள். நல்ல ஆங்கிலத்தில் எழுதிய சிலரோ காசேட்டையும் திருத்தி, ஒரே காசோலையை இரண்டு தரம் கழித்திருந்தார்கள். முதல் கூட்டத்துக்கு ஆங்கிலச் சொற்களை விளங்கப்படுத்தினால் போதும். மற்றவர்களுக்குக் காசேட்டிலிருந்தே திரும்பத் தொடங்க வேண்டும். இறுதிப் பரீட்சையில் இரு கூட்டமும் ஒரே 35ஐ எடுத்துக்கொண்டு நிற்கும். அப்போது எனக்கு என்ன தெரியும்?

ஆங்கிலம், வெள்ளவத்தை:
நான் ஒப்படையில் குறிப்புகளை மட்டும் எழுதித் திருப்பிக் கொடுப்பேன். திருத்தி எழுதித் தந்த பிறகுதான் புள்ளி. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு அம்மா தொலைபேசியில், “மிஸ், குறிப்பெல்லாம் இருக்கட்டும், பிள்ளைக்கு எத்தனை?” என்றார். கல்வி உளவியல் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. நம்முடையவர்கள் வளர்ந்த பிள்ளைகள்தான், ஆனாலும் புள்ளியைக் கண்டதும் தாளை மடித்துப் பையில் வைக்கிற பழக்கம் வயதோடு போவதில்லை.

முகாமைத்துவம், கொட்டாஞ்சேனை:
இரண்டு பேரும் சின்ன வகுப்பு எடுக்கிறீர்கள் போல. எனக்கு 110 பேர், பாதிப் பேர் வேலை முடிந்து காலி வீதி நெரிசலைத் தாண்டி வருகிறவர்கள். புள்ளி இல்லை என்றால் அன்றைக்கு வரமாட்டார்கள். 2 புள்ளி போட்டால் மழையிலும் வருவார்கள். இன்னொன்று, இறுதிப் பரீட்சையை வில்லனாக்க வேண்டாம். சுட்டெண் மட்டும் இருக்கிற விடைத்தாளை இரண்டு பேர் திருத்துகிறார்கள் என்பதால்தான் பிள்ளைகள் அதை நம்புகிறார்கள். தொடர் கணிப்பீட்டில் ‘சேருக்குப் பிடித்தவர்’ கதை எப்போதும் ஓடும். மதிப்பீட்டுத் துறை அறிஞர் மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இல் இடையில் திருத்த உதவும் ஃபோமேட்டிவ், முடிவில் தீர்ப்புச் சொல்லும் சமேட்டிவ் என்று இந்த இரண்டையும் பிரித்துப் பேசியபோதே இரண்டுக்கும் வேலை உண்டு என்றுதான் பேசினார். அதுவும் பாடத்திட்டங்களை மதிப்பிடுவதைப் பற்றி. மாணவர் கற்றலுக்கு அதைக் கொண்டுவந்தவர் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம்.

கணக்கியல், பம்பலப்பிட்டி:
இறுதிப் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 110 தாளையும் வாசிக்கவும் தேவையில்லை, கையில் வருகிற இருபதைப் பார்த்தாலே எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும். வராத பிள்ளைகளுக்கு என்னிடமும் மருந்தில்லை. அந்த 2 புள்ளியைப் போடத்தான் வேண்டுமென்றால், எழுதித் தந்ததற்குப் போடுங்கள், சரி பிழைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவதாவது குறையும்.